புயல்படையா, மோதுபடையா?

முதல் உலகப்போர் பற்றிய ஒரு காணொளியில் நேற்றும் அதே வரியைக் கேட்டேன்: "ஜெர்மனியின் புயல் வீரர்கள் கனத்த இரும்புக் கவசத்தோடு பதுங்குகுழிகளுக்குள் பாய்ந்தார்கள்." பெயரும் தவறு, கவசமும் தவறு.

மூலச்சொல் ஜெர்மன் மொழியின் ஷ்டூர்ம்ட்ருப்பன். ட்ருப்பன் என்றால் படையினர். ஷ்டூர்ம் என்பதற்குப் புயல் என்றும் பொருள் உண்டு, சரி. ஆனால் படைவழக்கில் அது எதிரியின் நிலைமேல் பாய்ந்து தாக்குவது. மதிலில் சாத்தி ஏறும் ஏணிக்கு அங்கே ஷ்டூர்ம்லைட்டர் என்று பெயர். அதைப் புயல் ஏணி என்போமா? இரண்டாம் உலகப்போரில் வந்த ஷ்டூர்ம்கெவேரைத் தாக்குதல் துப்பாக்கி என்று சரியாகத்தானே எழுதுகிறோம்? அகராதியில் முதலில் கண்ணில் பட்ட பொருளை எடுத்துப் போட்டுவிட்டு நகர்ந்துவிடுகிறார்கள்.

'புயல்' என்றால் வேகம் தெரிகிறதே என்பார்கள். நமக்குத் தெரிந்த புயல் கரையோரம் முழுவதையும் புரட்டிப் போடுவது. இவர்கள் செய்தது நேர்மாறு. சிறு சிறு குழுக்களாகப் போய், வலுவான காவலரண்களை ஒதுக்கிவிட்டு, இளகிய இடம் பார்த்து உள்ளே நுழைந்தார்கள். 1918 மார்ச்சில் ஜெர்மனி நடத்திய தாக்குதலில் பிரிட்டன் படை நிலைகுலைந்ததில் இந்த முறைக்கும் பங்கு உண்டு.

தூசிப்படை என்ற பழஞ்சொல் எனக்குப் பிடிக்கும். ஆனால் அது முன்னே செல்லும் படை என்பதோடு நின்றுவிடுகிறது. இன்று படிப்பவருக்குப் புழுதிதான் நினைவுக்கு வரும். அதிரடிப்படை என்றாலோ தமிழ்நாட்டிலும் இலங்கையிலும் காவல்துறைப் பிரிவு. இவர்களுக்கே ஷ்டோஸ்ட்ருப்பன் என்று இன்னொரு பெயர் உண்டு. ஷ்டோஸ் என்றால் மோதல், இடித்துத் தள்ளல். ஆகவே மோதுபடை என்கிறேன். ஏவுகணை போல வினைத்தொகை, விளக்கம் வேண்டாத சொல்.

அப்புறம் அந்தக் கவசம். 1915இல் அமைத்த முதல் பிரிவு கேடயங்களையும் மார்புக்கவசங்களையும் சோதித்துப் பார்த்து நிறைய ஆட்களை இழந்தது. பிறகு தலைமையேற்ற கேப்டன் வில்லி ரோர் அவற்றைக் கைவிட்டார், எஃகுத் தலைக்கவசத்தை வைத்துக்கொண்டார். படங்களில் நாம் பார்க்கும் அடுக்குத்தகட்டுக் கவசம் 1916இல் வந்தது. மார்புத்தகட்டின் கீழே மூன்று தகடுகள் தொங்கும், ஒன்றோடொன்று உரசிச் சத்தம் வராமலிருக்க இடையில் கம்பளித் திண்டு. சுமார் 10 கிலோ. அதைப் போட்டுக்கொண்டு குனிவதும் ஓடுவதும் பெரும்பாடு, அதனால் காவல் நின்றவர்களும் இயந்திரத் துப்பாக்கிக்காரர்களுமே பெரும்பாலும் அணிந்தார்கள். மோதுபடை வீரன் தோளில் மாட்டிக்கொண்டு போனது கையெறி குண்டுகள் நிரப்பிய சாக்குப் பைகளை.