புதுப்பேட்டையில் விற்க முடியாத வட்டு

சென்னை புதுப்பேட்டையில் பழைய ஷாக் அப்சார்பர் வாங்கியிருக்கிறீர்களா? கடைக்காரர் அதைத் தரையில் ஊன்றி ஓர் அழுத்து அழுத்துவார். எண்ணெய் கசிகிறதா என்று விரலால் துடைத்துக் காட்டுவார். "கண்ண மூடினு எடுத்துனு போ சார்" என்பார். அது எந்த வண்டியில் இருந்தது, எத்தனை கிலோமீட்டர் ஓடியது என்று நாம் கேட்பதில்லை. கேட்டாலும் அவருக்குத் தெரியாது. பொருளைப் பார்த்தே அதன் நிலைமையை ஓரளவு சொல்லிவிடலாம் என்பதால்தான் அந்த வியாபாரம் நடக்கிறது.

மீனம்பாக்கத்தில் வந்து இறங்கும் விமானத்தின் இன்ஜின் வட்டை இப்படி வாங்க முடியாது. பிளேடுகளையெல்லாம் விளிம்பில் பிடித்துக்கொண்டு, நிமிடத்துக்கு ஆயிரக்கணக்கான முறை சுழலும் கனமான உலோகத் துண்டு அது. ஒரு பிளேடு உடைந்தால் இன்ஜின் உறை தாங்கிக்கொள்ளும். வட்டே உடைந்தால் தாங்காது.

ஒவ்வொரு முறை விமானம் மேலெழும்போதும் அந்த வட்டு சுழற்சியின் வேகத்தில் வெளிப்பக்கமாக இழுபடுகிறது. இறங்கி இன்ஜினை நிறுத்தியதும் தளர்கிறது. இரும்புக் கம்பியை இப்படியும் அப்படியும் வளைத்து ஒடிப்போமே, அதே கதைதான், மிக மெதுவாக. உலோகச் சோர்வு என்பார்கள். அதனால் இங்கே முக்கியமான கணக்கு பறந்த மணிநேரத்தில் இல்லை, தடவையில். ஓர் ஏற்றமும் ஓர் இறக்கமும் சேர்ந்தால் ஒரு சைக்கிள். சென்னையிலிருந்து பெங்களூருக்குப் போனாலும் ஒரு சைக்கிள்தான், லண்டனுக்குப் போனாலும் ஒரு சைக்கிள்தான். குட்டிக் குட்டிப் பயணமாகப் பறக்கும் விமானம் சீக்கிரம் கிழடாகிவிடும். 1988-ல் ஹவாயில் பறந்துகொண்டிருந்தபோதே கூரை பிய்ந்துபோன போயிங் 737-க்கு வயது 19. அதற்குள் அது 89,680 சைக்கிள்களை முடித்திருந்தது.

சரி, 2,000 சைக்கிள் ஓடிய வட்டையும் 15,000 ஓடியதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் என்ன தெரியும்? ஒன்றும் தெரியாது. விரிசல் விழுந்துவிட்டால் கண்டுபிடிக்கச் சோதனைகள் உண்டு. விரிசலுக்கு முந்தைய சோர்வைக் கண்ணால் பார்க்க வழியில்லை. அது எழுதப்பட்டிருப்பது காகிதத்தில் மட்டும்தான். அதனால் வட்டு பிறந்த நாளிலிருந்து எந்த விமானத்தில், யாரிடம், எத்தனை சைக்கிள் என்று சங்கிலி அறுபடாமல் வர வேண்டும். நடுவில் ஒரு கண்ணி காணாமல் போனால், அதை விமானத்தில் பொருத்தலாம் என்று யாரும் கையெழுத்துப் போட மாட்டார்கள். பளபளவென்று இருக்கும் விலையுயர்ந்த வட்டு பழைய இரும்பு விலைக்குப் போக வேண்டியதுதான்.

1989-ல் அமெரிக்காவின் சூ சிட்டியில் யுனைடெட் விமானம் 232 நொறுங்கியபோது, வட்டு ஓடிய கணக்கு தெளிவாகவே இருந்தது: ஓடியது 15,503 சைக்கிள், கழற்றிவிட வேண்டிய வரம்பு 18,000. குழப்பம் அதன் பிறப்பில். டைட்டானியத்தை உருக்கும்போதே உள்ளே ஒரு கடினமான குறை தங்கிவிட்டது, அங்கிருந்துதான் விரிசல் வளர்ந்தது. அதே உருக்கில் பிறந்த மற்ற வட்டுகள் எங்கே பறக்கின்றன என்று தேடப்போனால், தொழிற்சாலைப் பதிவுகளில் ஒரே வரிசை எண்ணில் இரண்டு வட்டுகள்! எவற்றைக் கழற்றுவது என்று அந்த ஏடுகளை நம்பிச் சொல்ல முடியாத நிலை.

பழைய கணக்கு மட்டுமல்ல, நேற்றிரவு வேலையின் கணக்கும் இப்படித்தான். எனக்கு இதில் மிகவும் உறுத்தும் சம்பவம் 1991 செப்டம்பரில் ஹூஸ்டனில் நடந்தது. கான்டினென்டல் எக்ஸ்பிரஸின் எம்பரேயர் பிரேசிலியா விமானம் ராத்திரி ஹேங்கரில் நிற்கிறது. வால் பகுதியின் கிடைமட்ட இறக்கையின் முன்விளிம்பில் பனி படியாமல் காக்கும் ரப்பர் உறையை மாற்ற வேண்டும். மாலை ஷிஃப்டில் இடது முன்விளிம்பின் மேல்பக்கத் திருகுகள் 47-ஐயும் கழற்றிவிட்டார்கள். ஷிஃப்ட் மாறியது. அடுத்து வந்தவர்கள் வலது பக்க வேலையை மட்டும் முடித்தார்கள். இடது பக்கம் கழற்றிய விஷயம் எழுத வேண்டிய இடத்தில் எழுதப்படவில்லை. அந்த விமானத்தில் கிடைமட்ட இறக்கை வாலின் உச்சியில் இருக்கிறது. தரையில் நின்று அண்ணாந்து பார்த்தால் மேல்பக்கத் திருகு தெரியாது. காலையில் ஒரு பயணம் நல்லபடியாகவே முடிந்தது. திரும்பி வரும் வழியில், கீழே இறங்கும் வேகத்தில், முன்விளிம்பு பிய்த்துக்கொண்டு போனது. 14 பேரும் இறந்தார்கள். செய்த வேலையைத்தான் எழுத வேண்டும் என்று நினைக்கிறோம். பாதியில் விட்ட வேலையை எழுதுவது அதைவிட அவசரம்.

குறை இருப்பதே ஆபத்து என்று மட்டும் எண்ண வேண்டாம். எழுதப்பட்ட குறையோடு விமானங்கள் தினமும் சட்டப்படிப் பறக்கின்றன. எந்தெந்தக் கருவி பழுதானாலும் எத்தனை நாள் தள்ளிப்போடலாம் என்று ஒரு பட்டியல் உண்டு: சிலவற்றுக்கு 3 நாள், சிலவற்றுக்கு 10, சிலவற்றுக்கு 120. எழுதிவிட்டால் அடுத்த விமானி அதற்கேற்ப நடந்துகொள்வார்.

இதெல்லாம் பதிவாகும் இடம் டெக் லாக் என்னும் நோட்டு. விமானி குறையை எழுதுவார். இன்ஜினியர் செய்த வேலையை எதிரே எழுதி, லைசென்ஸ் எண்ணோடு கையெழுத்துப் போடுவார். டேப்லெட் வந்துவிட்ட இடங்கள் உண்டு. காகித நோட்டு இருக்கும் இடத்தில் அடியில் கார்பன் நகல் விழும். கதவு மூடுவதற்கு முன் அந்த நகலை மட்டும் கிழித்துக் கீழே வைத்துக்கொள்வார்கள். விமானத்துக்கு ஏதாவது ஆனால் நோட்டும் அதோடு போய்விடுமே. திரிசூலம் ஸ்டேஷனில் ரயிலுக்குக் காத்திருக்கும்போது எதிரே ஒரு விமானம் கிளம்புவதைப் பார்த்தால், அதன் நேற்றைய உடம்பு நிலைமையைச் சொல்லும் ஒரு தாள் இங்கேயே தங்கியிருக்கிறது என்று வைத்துக்கொள்ளலாம்.