செதிலைச் சுரண்டினால் செதில் கூடும்: மலைக்குளிரில் சொரியாசிஸ்

டிசம்பரில் உறைபனி விழத் தொடங்கியதும் ஊட்டி, குன்னூர், கோத்தகிரிப் பக்கம் முழங்கையிலும் முழங்காலிலும் வெள்ளைச் செதில் உதிர்கிறது என்று வருகிறவர்கள் கூடிவிடுகிறார்கள். பலரும் அதைப் பனிவெடிப்பு என்று எண்ணி, கொதிக்கக் கொதிக்க வெந்நீர் ஊற்றி, பாதம் தேய்க்கும் கல்லால் தேய்த்துவிட்டுத்தான் வருகிறார்கள். செதில் செதிலாக உதிரும் நாள்பட்ட தோல் நோயான சொரியாசிஸ் உள்ள தோலுக்கு இது பெருங்கெடுதல். காரணம், தோல் செல்களுக்கு உறுதி தரும் நார்ப்புரதமான கெரட்டினில் இருக்கிறது.

மேல்தோலின் அடிவரிசைச் செல்கள் கெரட்டின் 5, 14 என்ற இரு புரதங்களைச் சேர்த்து நார் பின்னுகின்றன. மேலே நகரத் தொடங்கியதும் 1, 10 என்ற ஜோடிக்கு மாறுகின்றன. சுமார் நான்கு வாரத்தில் உட்கரு கரைந்து, தட்டையாகி, கண்ணுக்குத் தெரியாமல் உதிர்ந்துவிடும். தோலில் கீறல் பட்டால் சில மணி நேரத்திலேயே அந்த விளிம்புச் செல்கள் கெரட்டின் 6, 16, 17 ஆகியவற்றைத் தயாரிக்கும். காயம் மூடியதும் அவை அடங்கும்.

சொரியாசிஸில் அவை அடங்குவதில்லை. நோய் எதிர்ப்புச் செல்கள் விடும் இன்டர்லூகின் 17 போன்ற சமிக்ஞைப் புரதங்களின் தூண்டலால், காயமே படாத தோலும் காயம்பட்டதுபோல் நடந்துகொள்கிறது. கெரட்டின் 1, 10 குறைகின்றன. நான்கு வாரப் பயணம் ஒரு வாரத்துக்குள் முடிகிறது. உட்கரு கரையாத செல்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு மேலே வருகின்றன; நாம் பார்க்கும் செதில் அதுதான்.

அதைச் சுரண்டுவது மேலும் ஒரு காயம். நல்ல தோலில் பட்ட கீறலில்கூடப் பெரும்பாலும் 10 முதல் 14 நாளில் புதுப் படை எழும்பலாம். இதைக் கெப்னர் விளைவு என்கிறோம். தேயிலைக் கொழுந்து பறிப்பவர்களுக்குச் செடி கீறும் முன்கையையும் கூடை வார் உராயும் தோளையும் முதலில் பாருங்கள். முழுக்கைச் சட்டை, வாருக்கு அடியில் மடித்த பருத்தித் துணி, இரண்டும் கீறலையும் உராய்வையும் குறைக்கும். வெயில் நல்லதுதான், ஆனால் 2,200 மீட்டர் உயரத்தில் புற ஊதாக் கதிர் சமவெளியைவிடக் கடுமை. தோல் சிவந்துவிட்டால் அதுவும் காயமே.

குளியல் வெதுவெதுப்பான நீரில், பத்து நிமிடத்துக்குள். துண்டால் ஒற்றி, ஈரம் காயும் முன் வாசலினோ தேங்காய் எண்ணெயோ பூசுங்கள். எண்ணெய் இங்கே உறைந்தே கிடக்கும். புட்டியை வெந்நீரில் வைத்தால் போதும், அடுப்பில் வேண்டாம். தடித்த செதிலுக்கு 10 சதவீத யூரியா கிரீம் உதவும், வெடிப்பில் பட்டால் எரியும். மருத்துவர் தந்த ஸ்டீராய்டு களிம்பை ஆள்காட்டி விரல் நுனியிலிருந்து முதல் ரேகை வரை பிதுக்கினால் சுமார் அரை கிராம். பெரியவர்களின் இரண்டு கையளவு பரப்புக்கு அது போதும். முகம், அக்குள், தொடை இடுக்கில் அதையே தடவாதீர்கள்.

உள்ளங்கையில் மட்டும் படை இருந்தால் குழப்பம் அதிகம். நல்ல உள்ளங்கைத் தோலிலேயே கெரட்டின் 6, 16 உண்டு. ஆகவே அங்கே அவை தென்படுவதை வைத்து நோயைச் சொல்ல முடியாது. பூஞ்சைத் தொற்றா என்று செதிலைச் சோதித்த பிறகே களிம்பைத் தொடங்க வேண்டும். மருந்துக்கடையில் கேட்டு வாங்கும் ஸ்டீராய்டு கலந்த கலவைக் களிம்பு பூஞ்சையை மறைத்துப் பரப்பிவிடும்.

காலையில் விரல் மூட்டு அரை மணிக்கு மேல் விறைத்திருந்தால் குளிர் என்று விட்டுவிடாதீர்கள். நகத்தில் ஊசிக்குத்துப் போலக் குழிகளும் இருந்தால் சொரியாசிஸ் சார்ந்த மூட்டுவாதமாக இருக்கலாம். ஸ்டீராய்டு மாத்திரையையோ ஊசியையோ திடீரென நிறுத்திய பின் காய்ச்சலோடு உடம்பெங்கும் சீழ்க்கொப்புளம் கிளம்பினால், அன்றைக்கே மருத்துவமனையில் சேர வேண்டும்.