கடலோரத்தில் ஓலைப்பெட்டி முடையப் போகிறீர்களா?

திருச்செந்தூருக்குத் தெற்கே மணப்பாடு போன்ற கடலோர ஊர்களில் பனையோலை முடைவது பழகிய கைத்தொழில். அப்படியோர் ஊரில் ஒருநாள் பயிற்சி வைக்கிறவர்களும் சரி, போகிறவர்களும் சரி, முதலில் பார்க்க வேண்டியது ஓலையின் ஈரம். "எனக்குக் கை வரலை" என்று பாதியில் எழுந்துவிடுகிறவர்களில் பலருக்குக் கை நன்றாகவே வரும். ஓலைதான் காய்ந்துபோயிருக்கும்.

பழகுவதற்குக் குருத்தோலைதான் தோது. முற்றிய சாரோலை விறைப்பாக இருக்கும், புதுக்கைக்கு மடங்காது. ஈர்க்கை எடுத்துவிட்டு, எல்லாவற்றையும் 1 செ.மீ. அகலத்துக்கு வார்ந்து வைத்துவிடுங்கள். அகலம் ஏறி இறங்கினால் மூலை கோணிக்கொள்ளும், அப்புறம் சரிசெய்ய முடியாது.

அடிப்பாகம் 10 செ.மீ. சதுரம், உயரம் 8 செ.மீ. என்று ஒரு பெட்டியை எடுத்துக்கொள்வோம். அடிக்கு நெடுக்காக 10, குறுக்காக 10 ஓலை வேண்டும். ஒவ்வொன்றும் 36 செ.மீ.: அடிக்கு 10, இரண்டு பக்கச் சுவருக்கு 16, வாய்விளிம்பில் மடக்கிச் செருக முனைக்கு 5 வீதம் இரண்டு முனைக்கும் 10. சுவரைச் சுற்றிவர 46 செ.மீ. ஓலை 8. அதில் 40 சுற்றளவு, மீதி 6 முனைகள் ஒன்றன்மேல் ஒன்று ஏற. இந்த ஏற்றம் ஒவ்வொரு சுற்றிலும் வேறு பக்கத்தில் விழட்டும். ஒரே இடத்தில் அடுக்கினால் அந்தச் சுவர் மட்டும் புடைத்து நிற்கும். கிழிவதற்கென்று ஆளுக்கு ஆறு ஓலை கூடுதலாக வையுங்கள்; கிழியத்தான் செய்யும்.

ஓலையை நல்ல தண்ணீரில் நனைத்து, ஈரத்துணியில் சுற்றிக் கொஞ்ச நேரம் வைத்தால் ஈரம் உள்ளே இறங்கிவிடும். விரலில் சுற்றிப் பார்த்தால் வெடிக்கக் கூடாது, சொட்டவும் கூடாது. சொட்டச் சொட்ட முடைந்த பெட்டி அன்றைக்கு இறுக்கமாகத்தான் இருக்கும். காய்ந்து ஓலை சுருங்கியதும் கண்ணுக்குக் கண் இடைவெளி விழும். சாய ஓலையைத் தனிப் பாத்திரத்தில் நனையுங்கள், இல்லையென்றால் வெள்ளோலையில் சாயம் ஏறிவிடும்.

கடல் பக்கத்திலேயே இருக்கிறதே என்று கடல்தண்ணீரில் முக்கி எடுக்காதீர்கள். தண்ணீர் வற்றினாலும் உப்பு ஓலையிலேயே தங்கும். காற்றின் ஈரத்தை இழுத்துக்கொண்டு பெட்டி நமுத்துப்போய், பூசணம் பிடிக்கும்.

மணலில் உட்கார்ந்து முடைவது படத்துக்கு அழகு, அவ்வளவுதான். கடற்காற்று எழும்பினால் வெளியே கிடக்கும் ஓலை சீக்கிரமே மொறுமொறுத்துவிடும். காலையிலேயே தொடங்குங்கள். காற்று மறையும் சுவரோரமாக உட்காருங்கள். கையில் இருக்கும் ஓலை தவிர மற்றதெல்லாம் ஈரத்துணிக்குள் இருக்கட்டும். அடி முடிந்து சுவர் எழுப்பும்போது நான்கு மூலையிலும் துணிக்கிளிப் போட்டுவிட்டால் பின்னல் நழுவாது.

ஓலையின் விளிம்பு பிளேடு மாதிரி அறுக்கும்; ஆள்காட்டி விரலில் பிளாஸ்டர் சுற்றிக்கொள்ளலாம். முடிந்த பெட்டியைப் பிளாஸ்டிக் பையில் அடைத்து பஸ் ஏறாதீர்கள். துணிப்பையில் கொண்டுபோய், நன்றாகக் காயும்வரை நிழலில் கவிழ்த்து வையுங்கள்.