ரவைக்கோதுக்குள் ஒரு தராசுக் கணக்கு

சின்ன வயதில் எங்கள் காணியைக் கொத்தினால் செம்மண்ணோடு, துவக்கால் சுட்டு முடிந்த ரவைக்கோதும் வரும். மண்ணைத் தட்டிவிட்டுக் கீழுதட்டில் வைத்து ஊதினால் நல்ல விசில். அம்மா கண்டால் ஏச்சு விழும். அந்த வெற்றுக் கோதைக் கழுவித் துடைத்து, வெடிமருந்து போட்டு, திரும்பவும் ரவையாக்குகிறவர்கள் உலகத்தில் இருக்கிறார்கள் என்று அப்போது தெரியாது.

அமெரிக்காவிலும் நியூசிலாந்திலும் தூரத்து மானைச் சுடும் வேட்டைக்காரர் பலருக்கு இது பின்னேர வேலை. (இங்கே இலங்கையில் யாரும் ஆசைப்படவேண்டாம். துவக்குக்கு 1916ஆம் ஆண்டுக் கட்டளைச் சட்டமும் வெடிபொருளுக்கு 1956ஆம் ஆண்டுச் சட்டமும் இருக்கின்றன.) கடையில் ரவை கிடைக்கும்போது ஏன் இந்த மினக்கேடு? கூடின வேகத்துக்காக என்றுதான் நானும் நினைத்திருந்தேன். உண்மையில் அவர்கள் தேடுவது ரவைக்கு ரவை மாறாத ஒரேமாதிரித்தன்மையை. கெற்றப்போலால் மாங்காய்க்கு அடித்தவர்களுக்கு இது விளங்கும். முதல் கல் ஒரு சாண் கீழே போனால் அடுத்ததை ஒரு சாண் மேலே பிடிக்கலாம். கல்லுக்குக் கல் பாரம் மாறினால் எந்தத் திருத்தமும் எடுபடாது.

கணக்குப் போட்டுப் பாருங்கள். செக்கனுக்கு 800 மீற்றர் வேகத்தில் கிளம்பும் சன்னம் (கோதிலிருந்து பறந்துபோகும் முனை) 100 மீற்றரைக் கடக்க 0.125 செக்கன். அதற்குள் புவியீர்ப்பு அதை ஏறக்குறைய 7.7 சென்ரிமீற்றர் கீழே இழுத்துவிடும். அடுத்த ரவை 790இல் கிளம்பினால் விழும் தூரம் 2 மில்லிமீற்றர்தான் கூடும், யாருக்கும் தெரியாது. அதே இரண்டையும் 500 மீற்றரில் பாருங்கள்: வித்தியாசம் 5 சென்ரிமீற்றர். தூரம் ஐந்து மடங்கானால் பிழை இருபத்தைந்து மடங்கு, ஏனென்றால் விழும் தூரம் நேரத்தின் வர்க்கத்தோடு வளர்கிறது. இதில் காற்றின் தடையை நான் சேர்க்கவேயில்லை. சேர்த்தால் இன்னும் மோசம்.

மருந்தின் அளவு மாறினால் வேகமும் மாறும். ஆகவே தராசு. மருந்தை அளக்கும் அலகு கிரெயின்; ஒரு கிரெயின் 64.8 மில்லிகிராம், குன்றிமணி ஒன்றின் பாதி எடைபோல. அதிலும் பத்தில் ஒரு பங்குவரை நிறுக்கிறார்கள். யாழ்ப்பாணம் கன்னாதிட்டியில் பொன் நிறுப்பவர்கூட அவ்வளவுக்குப் பார்ப்பாரோ தெரியாது.

மருந்து மட்டும் சரியாக இருந்தால் போதாது. கோது 70 வீதம் செம்பும் 30 வீதம் நாகமும் கலந்த பித்தளை. வெடிக்கும் கணத்தில் அது விரிந்து துவக்கின் அறைச் சுவரோடு ஒட்டி வாயுவைப் பின்னால் கசியவிடாமல் அடைக்கும். அழுத்தம் இறங்கியதும் கொஞ்சம் சுருங்கி வெளியே வந்துவிடும். விரிந்ததைத் திரும்பவும் அச்சில் அழுத்தி அளவுக்குக் கொண்டுவரவேண்டும். இப்படி நாலைந்து தடவை செய்தால் பித்தளை விறைத்துப்போகும். கோதின் கழுத்து ஒன்று சன்னத்தை இறுக்கிப் பிடிக்கும், இன்னொன்று இளக்கமாகப் பிடிக்கும். வேகமும் அதோடு மாறும். அதற்குப் பரிகாரம் நெருப்பு. கம்பி இழுக்கும் பத்தர் இடையிடையே அதை நெருப்பில் காட்டி இளக்குவாரே, அதே வேலைதான். கழுத்தை மட்டும் காட்டவேண்டும். அடிப்பக்கம் இளகினால் அழுத்தத்தைத் தாங்காமல் கோது பிய்ந்து, சுடுகிறவரின் முகத்துக்கே ஆபத்து.

சன்னத்தைக் கோதில் நேராக இருத்துவதும் முக்கியம். துவக்குக் குழாயின் உட்பக்கத் திருகு வரிகள் அதைச் சுழற்றி அனுப்புகின்றன: 12 அங்குலத்துக்கு ஒரு சுற்று என்றால், 800 மீற்றர் வேகத்தில் செக்கனுக்கு ஏறக்குறைய 2,600 சுற்று. சரிந்து நுழைந்த சன்னம் கோணல் ஆணி அடித்த பம்பரம்போலத் தள்ளாடிக்கொண்டே போகும்.

இவ்வளவும் செய்தபிறகும் காற்று இருக்கிறது. மணிக்கு 15 கிலோமீற்றரில் சோளகம் பக்கவாட்டில் அடித்தால், சாதாரண வேட்டை ரவையை அது 500 மீற்றரில் அரை மீற்றரளவு தள்ளிவிடும். மேசையில் ஆறு மில்லிகிராமுக்கு மல்லுக்கட்டியவர், வெளியில் போனதும் புல் எந்தப் பக்கம் சாய்கிறது என்று பார்த்துக்கொண்டு கிடப்பார்.