குளத்து நீரில் வெயில் செய்யும் வேலை

பேச்சிப்பாறை அணையிலிருந்து கால்வாய் வழியே நாஞ்சில் நாட்டுக் குளங்களுக்கு வரும் நீர், வயலில் தெளித்த பூச்சிமருந்தின் மிச்சத்தையும், படித்துறையில் கரைந்த சோப்பையும், கழிவுநீரோடு கலந்த மாத்திரைகளின் எச்சத்தையும் சேர்த்துக்கொண்டே கடலை நோக்கிச் செல்கிறது. இவற்றில் பலவற்றை நுண்ணுயிரிகள் தின்று தீர்க்கின்றன. அவை எளிதில் தொடாத சிலவற்றை வெயில் உடைக்கிறது.

உடைக்கும் வழி இரண்டு. டைக்ளோஃபினாக் என்னும் வலிமருந்தின் மூலக்கூறு சூரிய ஒளியைத் தானே உறிஞ்சிச் சிதைகிறது. சுவிட்சர்லாந்தின் கிரைஃபென் ஏரியில் இம்மருந்து பெரும்பாலும் வெயிலால்தான் மறைகிறது என்று 1998-இல் ஆய்வாளர்கள் காட்டினர். ஒளியை உறிஞ்சாத பொருள்களைச் சிதைக்க இடையில் ஒருவர் தேவை. இலைதழை மக்கிக் கட்டன் சாயாவின் நிறத்தைத் தரும் கரிமப் பொருள்கள் ஒளியை வாங்கி, அந்த ஆற்றலை நீரில் கரைந்துள்ள ஆக்சிஜனுக்குக் கைமாற்றி, அதை வீரியம் மிக்கதாக்குகின்றன. உரத்திலிருந்து வரும் நைட்ரேட்டும் வெயில் பட்டு ஹைட்ராக்சில் என்ற தனி உறுப்பை, அதாவது எதனோடும் உடனே வினைபுரியத் துடிக்கும் துகளை, வெளியிடுகிறது; ஒரு நொடியைப் பத்து லட்சமாகப் பகுத்தால் அதில் சில பங்கு நேரமே அது நிலைத்தாலும், அதற்குள் எதிர்ப்பட்ட மூலக்கூறைத் தாக்கிவிடுகிறது. ஆனால் அதே மக்கிய பொருள் அளவு மீறினால் ஒளியை மேற்பரப்பிலேயே மறித்து, ஹைட்ராக்சிலையும் தானே விழுங்கிவிடும். ஆகாயத்தாமரை மூடிய குளத்திலோ இவ்வேதிவினைகள் தொடங்கவே வழியில்லை. அதை அகற்றுவது பாசனத்திற்காகவும் மீனுக்காகவும் மட்டுமே பேசப்படுகிறது. ஒளிக்காகவும் பேசப்பட வேண்டும் என்பது என் எண்ணம்.

வெயில் மறைமுகமாகவும் உதவுகிறது. பகலில் பாசிகள் கார்பன் டை ஆக்சைடை எடுத்துக்கொள்வதால் நீரின் காரத்தன்மை பிற்பகலில் உயர்கிறது. காரத்தன்மையைக் காட்டும் அளவான பிஹெச் 7-இல் இருக்கும்போது பாதியாகக் குறைய ஏறத்தாழ 6 நாள் எடுக்கும் மாலத்தியான் என்னும் பூச்சிமருந்து, பிஹெச் 9-இல் அரை நாளிலேயே பாதியாகிவிடும்.

மறைந்ததெல்லாம் தூய்மையாகிவிட்டது என்று கொள்ளலாகாது. கிருமிநாசினிச் சோப்புகளில் சேர்க்கப்பட்டுவந்த டிரைக்ளோசான், சற்றுக் காரமான நீரில் வெயில் பட்டு விரைவாகச் சிதைந்தாலும், அதில் ஒரு சிறு பகுதி டையாக்சின் என்னும் நச்சுக் குடும்பத்தைச் சேர்ந்த சேர்மமாக மாறுகிறது. 2022-இல் உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலம் என்ற ராம்சர் தகுதி பெற்ற சுசீந்திரம்–தேரூர் ஈரநிலம் போல, பறவைகள் இரை தேடும் நீர்நிலையில், மூலப்பொருள் குறைந்ததை மட்டும் அளந்துவிட்டு நிறுத்துவது பாதி ஆய்வுதான். அது எதுவாக மாறியது என்பதையும் தேட வேண்டும்.

பழையாறு மணக்குடிப் பொழிமுகத்தை அடையும்போது கணக்கே மாறுகிறது. கடல்நீரில் லிட்டருக்குச் சுமார் 65 மில்லிகிராம் புரோமைடு இருக்கிறது. ஹைட்ராக்சிலின் பெரும்பகுதியை அது பிடித்துக்கொள்ள, அதிலிருந்து பிறக்கும் புரோமின் உறுப்புகள் சில வகை மூலக்கூறுகளை மட்டுமே தேர்ந்து தாக்குகின்றன. ஆகவே தேரூர்க் குளத்து நன்னீரில் ஒரு மருந்து இத்தனை நாளில் சிதைந்தது என்று கண்ட அளவை, கடல் ஏறிய மணக்குடி நீருக்கு அப்படியே பொருத்த முடியாது; அங்கே அந்த நீரை எடுத்து, அந்த வெயிலில் வைத்துத்தான் மறுபடி அளக்க வேண்டும்.