தொலைக்காட்சி பேச்சு வாத்தியார் அல்ல

"நூறு வரை தடங்கலில்லாமல் எண்ணுகிறான். எல்லா நிறத்துக்கும் பெயர் சொல்கிறான். தண்ணீர் வேண்டும் என்று மட்டும் கேட்கத் தெரியவில்லை." இந்த வாரமும் ஒரு தாய் வந்து சொன்னார். பையனுக்கு வயது இரண்டரை. வீட்டில் தொலைக்காட்சி ஓடுமா என்று கேட்டேன். "பேச்சு வரட்டும் என்றுதான் போட்டுவிடுகிறோம்" என்றார். பேச்சுப் பயிற்சி அளிக்கும் எனக்குக் கேட்டுக் கேட்டு அலுத்துப்போன பதில் இது.

எண்ணை ஒப்பிப்பது பேச்சாகிவிடாது. தனக்கு வேண்டியதைக் கேட்பது, பிடிக்காததை மறுப்பது, பூனையைக் காட்டி உங்கள் முகத்தைத் திரும்பிப் பார்ப்பது, இவைதான் பேச்சின் தொடக்கம். குழந்தை ஏதோ ஓர் ஒலி எழுப்புகிறது, நீங்கள் திரும்புகிறீர்கள், "என்னம்மா, பந்து வேண்டுமா?" என்கிறீர்கள். தன் ஒலிக்குப் பலன் உண்டு என்று அப்போதுதான் அதற்குப் புரிகிறது. திரையில் வரும் பொம்மை இதைச் செய்யுமா? குழந்தை பதில் சொன்னாலும் சொல்லாவிட்டாலும் அது தன்பாட்டுக்கு அடுத்த பாட்டுக்குப் போய்விடும்.

குழந்தைகள் மொழி கற்பதை ஆராயும் அமெரிக்க விஞ்ஞானி பட்ரீசியா கூல் குழுவினர் 2003-இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று உண்டு. ஆங்கிலம் பேசும் வீடுகளின் ஒன்பது மாதக் குழந்தைகளிடம் சிலர் நேரில் அமர்ந்து சீன மொழியில் பேசி விளையாடினார்கள். அந்தக் குழந்தைகள் சீன ஒலிகளைப் பிரித்தறியக் கற்றுக்கொண்டன. அதே ஆட்கள், அதே பேச்சு, ஆனால் திரையில் பார்த்த குழந்தைகள் ஒன்றையும் கற்கவில்லை. "கல்வி நிகழ்ச்சிதானே மேடம்" என்பவர்களுக்கு இதற்கு மேல் என்ன சொல்ல? தாத்தா பாட்டியுடன் வீடியோ அழைப்பில் பேசுவது வேறு. அங்கே பதில் வருகிறது.

"எத்தனை மணி நேரம் பார்க்கிறான்?" என்று நான் இப்போதெல்லாம் கேட்பதில்லை. எல்லோரும் அரை மணி என்பார்கள். "எப்போது அணைப்பீர்கள்?" என்று கேட்டால் "தூங்கும்போது" என்று உண்மை வந்துவிடும். யாரும் பார்க்காமல் ஓடினாலும் கெடுதல்தான். அது ஓடும் வீட்டில் பெரியவர்கள் குழந்தையிடம் பேசும் சொற்கள் குறைகின்றன. குழந்தையின் விளையாட்டும் அடிக்கடி பாதியில் அறுந்துபோகிறது. தூக்கம் கெடுவதும், வயிறு நிறைந்தது தெரியாமல் உண்பதும் உங்களுக்கே தெரியும்.

தொலைக்காட்சியால் ஆட்டிசம் வந்துவிட்டது என்று அழுபவர்களும் வருகிறார்கள். அப்படிச் சொல்ல ஆதாரம் இல்லை. மாமியாரும் மருமகளும் ஒருவரையொருவர் குற்றம் சாட்டுவதை விட்டுவிட்டு, பிள்ளையைப் பரிசோதனைக்கு அழைத்து வாருங்கள்.

இரண்டு வயதுக்குள் தொலைக்காட்சி வேண்டாம். இரண்டிலிருந்து நான்கு வயது வரை நாளுக்கு ஒரு மணி நேரத்தைத் தாண்டக் கூடாது, குறைந்தால் இன்னும் நல்லது. இது உலக சுகாதார நிறுவனம் 2019-இல் சொன்னது. சாப்பாட்டு நேரத்தில் அணைத்துவிடுங்கள். இரண்டு மூன்று நாள் அழுவான், அழட்டும். சமைக்கும்போது பக்கத்தில் உட்காரவைத்து, செய்வதைச் சொல்லிக்கொண்டே செய்யுங்கள். கேள்வி கேட்டால் அவன் வாய் திறக்கும்வரை கொஞ்சம் பொறுங்கள். பதிலையும் நீங்களே சொல்லிவிடாதீர்கள்.

இரண்டு வயதாகியும் இரு சொற்களைச் சேர்த்துச் சொல்லாவிட்டால், "அவன் அப்பாவும் தாமதமாகத்தான் பேசினார்" என்று காத்திருக்க வேண்டாம். முதலில் காது கேட்கிறதா என்று பரிசோதியுங்கள். தயவுசெய்து.