பெஞ்சை மாற்றச் சொல்லாதீர்கள்

இந்த வருஷம் பள்ளி திறந்த இரண்டாவது வாரம் ஒரு அப்பா வந்தார். தறி ஓட்டுகிறவர், மரியாதையான மனிதர். "டீச்சருங்க, எம் பையன் பக்கத்துல உக்கார்ற பையனை மட்டும் கொஞ்சம் மாத்தி உக்கார வைங்க. உங்களுக்கே புரியுமுங்க" என்றார். புரிந்தது. பக்கத்துப் பையன் காலனியிலிருந்து வருகிறவன். இப்படிக் கேட்பதில் இவர் முதல் ஆளும் இல்லை.

ஈரோடு, கோவைப் பக்கம் கிறிஸ்தவப் பள்ளிகளில் 26 வருஷமாக வேலை பார்க்கிறேன். சேர்க்கைக்கு வருகிறவர்களில் முக்கால்வாசிப் பேர் சொல்வது ஒன்றுதான்: "மிஷன் ஸ்கூல்னா கண்டிப்புங்க, இங்கிலீஷ் நல்லா வருமுங்க. நாலு போட்டாலும் கேக்க மாட்டோமுங்க." தயவுசெய்து அப்படிச் சொல்லாதீர்கள். அடிப்பது கிறிஸ்தவக் கல்வி அல்ல. அடிக்குப் பயந்த பிள்ளை வீட்டுப்பாடம் செய்யாததை மறைக்கப் பொய் சொல்லும், உங்கள் கையெழுத்தையே போடும். எத்தனை நோட்டில் பார்த்திருக்கிறேன்! இரவல் வாங்கிய பென்சிலைத் திருப்பிக் கொடுப்பது, தப்பு செய்தால் தானே வந்து சொல்வது, இதைத்தான் நாங்கள் கண்டிப்பு என்கிறோம். இங்கிலீஷ் எங்கே போனாலும் கிடைக்கும்.

இந்தப் பள்ளிகள் வந்ததே வேறு காரணத்துக்கு. 1707லேயே தரங்கம்பாடியில் ஜெர்மன் மிஷனரி சீகன்பால்கு பெண் பிள்ளைகளுக்குப் பள்ளி வைத்தார். கோவைக்கு லண்டன் மிஷன் 1830ல் வந்தது. எல்லா மனிதரும் கடவுளின் சாயல் என்று நம்புகிறவர்கள், ஒரு பிள்ளையைத் திண்ணைக்கு வெளியே நிறுத்திவிட்டு இன்னொரு பிள்ளைக்கு எழுத்துச் சொல்லித்தர முடியாது. திருச்சபைக்குள்ளேயும் சாதி இருந்தது, மறைக்கவில்லை. 1833ல் கல்கத்தா பிஷப் டேனியல் வில்சன் அதை விடச் சொன்னபோது, தஞ்சாவூரிலும் சென்னை வேப்பேரியிலும் சபையை விட்டே போனவர்கள் உண்டு. ஆள் குறைந்தாலும் பரவாயில்லை என்று பிடித்து நின்ற விஷயம் இது. உங்களுக்காக ஒரு பெஞ்சில் அதை விட்டுவிடச் சொல்கிறீர்களா?

மதம் மாற்றிவிடுவார்கள் என்ற பயமா? கத்தோலிக்கப் பள்ளிகளில் மறைக்கல்வி என்கிற சமய வகுப்பு கத்தோலிக்கப் பிள்ளைகளுக்கு, மற்றவர்களுக்கு நன்னெறி வகுப்பு. அரசு அங்கீகாரம் பெற்ற எந்தப் பள்ளியும் பெற்றோர் சம்மதம் இல்லாமல் ஒரு பிள்ளையை வழிபாட்டில் சேர்க்கக் கூடாது என்று அரசியல் சட்டத்தின் 28வது பிரிவே சொல்கிறது. சந்தேகம் இருந்தால் நேரில் வந்து கேளுங்கள். ஆனால் நன்னெறி பீரியடை எடுத்துவிட்டுக் கணக்கு நடத்தச் சொல்லி வராதீர்கள். வாரத்தில் அந்த ஒரு பீரியடில்தான் பிள்ளைகள் மனசு விட்டுப் பேசுகிறார்கள்.

அப்புறம், ராத்திரி சாப்பிடும்போது மார்க்கை விசாரிக்கும் முன்னால் "இன்னைக்கு யாரு கூடச் சாப்புட்டே, கண்ணு?" என்று கேளுங்கள். என்ன பேர் வந்தாலும் முகம் சுளிக்காதீர்கள். பிள்ளை உங்கள் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருக்கும்.

பெஞ்சை நான் மாற்றவில்லை. இரண்டு பையன்களும் இப்போது ஒரே டப்பாவில் முறுக்கு தின்கிறார்கள். அந்த அப்பாவுக்கு என் மேல் வருத்தம்தான். இருக்கட்டுங்க. பையனை மட்டும் வேறு பள்ளிக்குக் கொண்டுபோய்விடாதீர்கள்.